தண்ணீர்க் கிளாஸுக்குள் ஒரு பென்சில்: நான் பிழையாகப் படிப்பித்த பாடம்



கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஒரு பிளேன்டீயோடு ஆறுதலாக வாசியுங்கள். விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் உம்மா வாப்பாமாரும் சேர்ந்து வாசித்தால் எனக்குச் சந்தோஷம்.

போன தவணை தரம் 10 வகுப்பில் மேசை மீது ஒரு கண்ணாடிக் கிளாஸை வைத்து, அரைவாசிக்குத் தண்ணீர் ஊற்றி, அதற்குள் ஒரு பென்சிலைச் சரிவாகப் போட்டேன். "காண்பதை மட்டும் எழுதுங்கள், ஒரு வசனம் போதும்" என்றேன்.

கொப்பிகளைச் சேர்த்துப் பார்த்தேன். சிலர் "பென்சில் வளைந்துள்ளது" என்று எழுதியிருந்தார்கள். சிலர் "பென்சில் உடைந்துள்ளது" என்று எழுதியிருந்தார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே மாதிரி, "ஒளி முறிவடைகிறது" என்று எழுதியிருந்தார்கள். பின் வாங்கில் இருக்கும், அதிகம் பேசாத ஒரு பிள்ளை மட்டும் இப்படி எழுதியிருந்தாள்: "தண்ணி தொடங்குற இடத்தில பென்சில் உடைஞ்ச மாதிரி எனக்குத் தெரியுது."

அவளுக்கு மட்டும்தான் சரி போட்டேன். வகுப்பே சத்தம் போட்டது.

"டீச்சர், ஒளி முறியுது என்டுதானே புத்தகத்தில இருக்கு?"

"இருக்கு. ஒளி முறியுறத நீங்க கண்ணால கண்டீங்களா?"

சத்தம் அடங்கியது. அப்போது முன்வரிசையில் ஒருவன் கையை உயர்த்தினான். "அப்ப டீச்சர், கருதுகோள் கொஞ்சம் நிரூபிச்சா கொள்கை. கொள்கை முழுசா நிரூபிச்சா விதி. அப்படித்தானே?"

எங்கே படித்தாய் என்று கேட்டேன். ஒரு பழைய கொப்பியை எடுத்துக் காட்டினான். அவனுடைய நானாவின் கொப்பி. அதில் ஒரு ஏணி வரைந்திருந்தது. கீழ்ப்படியில் அவதானம், அதற்கு மேல் கருதுகோள், அதற்கு மேல் கொள்கை, உச்சியில் விதி. அந்த நானாவுக்கு விஞ்ஞானம் படிப்பித்தது நான்தான். கரும்பலகையில் அந்த ஏணியைக் கீறியதும் நான்தான். நான் படித்த காலத்தில் பாடமாக்கியதை யோசிக்காமல் அப்படியே கடத்தியிருக்கிறேன்.

"நாளைக்குச் சொல்றன் மகன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த நாளைக்கு மூன்று கிழமை எடுத்தது. அந்த மூன்று கிழமையில் வாசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். அந்தப் பென்சிலின் கதைக்கு 1,800 வருடத்துக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்தால் அந்த ஏணி ஏன் பிழை என்று தானாகவே விளங்கும்.

* * *

முதலில் அவதானம்.

எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தொலமி என்ற அறிஞர் இருந்தார். வானியலுக்காக அவரை அறிவோம். அவர் ஒளியைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார். கிரேக்க மூலம் நம்மிடம் இல்லை. அரபு மொழிக்குப் போய், அரபியிலிருந்து 12ஆம் நூற்றாண்டில் சிசிலியில் லத்தீனுக்குப் போன மொழிபெயர்ப்புத்தான் மிஞ்சியிருக்கிறது.

அதில் நமது பிள்ளைகள் வீட்டில் செய்யக்கூடிய ஒரு பரிசோதனை உண்டு. ஒரு கோப்பையின் அடியில் ஒரு காசை வையுங்கள். காசு விளிம்புக்குப் பின்னால் மறையும் மட்டும் தலையைப் பின்னால் எடுங்கள். தலையை அசைக்காமல், இன்னொருவரைத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். ஊற்ற ஊற்ற, மறைந்த காசு மேலெழுந்து வந்தது போலத் தெரியும். காசை யாரும் தொடவில்லை.

தொலமி அதோடு நிற்கவில்லை. பாகைகள் குறித்த ஒரு வெண்கலத் தட்டைப் பாதி தண்ணீரில் அமிழ்த்தி, கோணங்களை அளந்தார். காற்றில் 10 பாகை என்றால் தண்ணீரில் எவ்வளவு, 20 என்றால் எவ்வளவு என்று 80 வரை போனார். அவர் தந்த எண்கள் வரிசையாக இவை: 8, 15.5, 22.5, 29, 35, 40.5, 45.5, 50.

இந்த எட்டு எண்களையும் வகுப்பில் எழுதி, "ஒன்றிலிருந்து ஒன்றைக் கழியுங்கள்" என்றேன். பிள்ளைகள் கழித்தார்கள். 7.5, 7, 6.5, 6, 5.5, 5, 4.5. ஒவ்வொரு தடவையும் சரியாக அரைப் பாகை குறைகிறது. ஒரு பிள்ளை சொன்னாள்: "டீச்சர், எங்கட அளவு ஒரு நாளும் இவ்வளவு நேர்த்தியா வராது."

அதேதான் வரலாற்றாசிரியர்களும் சொல்கிறார்கள். தொலமி அளந்த எண்களை ஓர் ஒழுங்குக்குள் வரும்படி திருத்தியிருக்க வேண்டும். இன்று அளந்தால் 60 பாகைக்கு அவருடைய 40.5 சரியாக வரும். 80 பாகைக்கு அவர் 50 என்கிறார், உண்மையில் 48க்கும் சற்றுக் குறைவு. இங்கே நான் பிள்ளைகளிடம் ஒன்றைக் கேட்டேன். "வித்தியாசம் அரைப் பாகைப்படி குறைகிறது, இது என்ன? தொலமி எண்களைத் திருத்தினார், இது என்ன?" முதலாவது அவதானம். நீங்களும் நானும் யார் கழித்தாலும் அதுதான் வரும். இரண்டாவது அனுமானம். தொலமி திருத்துவதை யாரும் நேரில் காணவில்லை. நல்ல ஆதாரம் உள்ள அனுமானம், ஆனாலும் அனுமானம்தான்.

இன்னொரு விஷயம். கண்ணிலிருந்து கதிர்கள் வெளியே போய்ப் பொருளைத் தொடுவதால்தான் நாம் பார்க்கிறோம் என்று தொலமி நம்பினார். இது பிழை. ஆனால் அவருடைய அளவுகளில் பெரும்பாலானவை இன்றும் கிட்டத்தட்டச் சரி. விளக்கம் பிழையாக இருந்தும் அவதானம் பிழைத்துக்கொண்டது.

* * *

இனி அனுமானம்.

சுமார் 965இல் பஸ்றாவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்தவர் இப்னு அல் ஹைதம். 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் 'கிதாபுல் மனாழிர்' என்ற பெரிய நூலை எழுதினார். கண்ணிலிருந்து கதிர் போகிறதா, பொருளிலிருந்து ஒளி கண்ணுக்கு வருகிறதா என்ற பழைய பிரச்சினையை எடுத்துக்கொண்டார்.

ஒளி எந்தப் பக்கம் பயணம் செய்கிறது என்பதைக் கண்ணால் காண முடியாது. இதை யோசித்துப் பாருங்கள். பார்க்க உதவும் ஒளியே போகும் திசையை நாம் பார்ப்பதில்லை. ஆகவே அவர் காணக்கூடிய வேறு விஷயங்களிலிருந்து தொடங்கினார். சூரியனைப் பார்த்தால் கண் வலிக்கிறது. பிரகாசமான ஒன்றைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு இருட்டைப் பார்த்தால் அதன் உருவம் கொஞ்ச நேரம் கண்ணிலேயே நிற்கிறது. கண்தான் கதிரை அனுப்புகிறது என்றால் கண்ணுக்கு ஏன் வலிக்க வேண்டும்? வெளியிலிருந்து ஏதோ ஒன்று வந்து கண்ணில் வேலை செய்கிறது என்று முடிவு எடுத்தார்.

வலி அவதானம். பின்னால் நிற்கும் உருவம் அவதானம். "ஒளி வெளியிலிருந்து கண்ணுக்கு வருகிறது" என்பது அவற்றிலிருந்து எடுத்த அனுமானம். அனுமானம் என்றால் குருட்டாம்போக்கில் சொல்வது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. கண்டதைப் பிடித்துக்கொண்டு காணாததை நோக்கி எடுத்து வைக்கும் அடி அது. அடி உறுதியானதா என்பது பிடித்த கயிற்றைப் பொறுத்தது. இப்னு அல் ஹைதம் அதற்குப் பிறகும் இருட்டறை, துவாரம், விளக்கு என்று பரிசோதனைகள் செய்து அந்த அனுமானத்தைச் சோதித்துக்கொண்டே போனார். அவருடைய நூல் லத்தீனுக்குப் போய், 1572இல் பாசல் நகரில் அச்சிலும் வந்து, ஐரோப்பிய அறிஞர்களின் கைகளுக்குப் போனது.

* * *

இனி விதி. இந்த இடத்தில் ஒரு ஆச்சரியம் இருக்கிறது.

இப்னு அல் ஹைதமுக்குக் கொஞ்சம் முன்பு, சுமார் 984இல், பக்தாதில் இப்னு சஹ்ல் என்ற கணித அறிஞர் எரிக்கும் ஆடிகள், வில்லைகள் பற்றி ஒரு நூல் எழுதினார். சூரிய ஒளியை ஓரிடத்தில் குவிக்க வில்லையை எந்த வடிவில் செதுக்க வேண்டும் என்பதுதான் அவருடைய கேள்வி. அதற்காக ஒரு கேத்திரகணித வரைபடம் கீறினார். பளிங்குக்குள் இருக்கும் கதிரின் திசையில் ஒரு கோடு, வெளியே வரும் கதிரின் திசையில் ஒரு கோடு. அந்த இரண்டு கோடுகளின் நீளங்களுக்கும் இடையிலான விகிதம், கதிர் எந்தக் கோணத்தில் வந்தாலும் மாறாது. இன்று ஓ.எல். புத்தகத்தில் நாம் ஸ்நெல் விதி என்று படிப்பதும் இதுவும் கணக்கில் ஒன்றுதான். படுகோணத்தின் சைனை முறிகோணத்தின் சைனால் வகுத்தால் எப்போதும் ஒரே எண்.

அந்த ஓலைகள் சிதறிப்போயின. ஒரு பகுதி டமஸ்கஸில், ஒரு பகுதி தெஹ்ரானில். றுஷ்தி ராஷித் என்ற வரலாற்றாசிரியர் இரண்டையும் சேர்த்து, அதன் பொருளை 1990இல்தான் உலகுக்குச் சொன்னார்.

ஐரோப்பாவில் அதே விதியைத் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்தார்கள். இங்கிலாந்தில் தோமஸ் ஹரியட் 1602 அளவில் கண்டார், வெளியிடவில்லை. நெதர்லாந்தின் லெய்டனில் வில்லெப்ரோட் ஸ்நெல் 1621இல் கண்டார், அவரும் வெளியிடாமலே 1626இல் இறந்துபோனார். 1637இல் டெக்கார்ட் அச்சில் கொண்டுவந்தார்.

முகநூலில் நம்மவர்கள் சிலர் "ஸ்நெல் நம்மிடமிருந்து திருடிவிட்டார்" என்று எழுதுவதைக் காண்கிறேன். கொஞ்சம் நிதானமாக இருப்போம். இப்னு சஹ்லின் நூல் லத்தீனுக்குப் போனதற்கு ஆதாரம் இல்லை. அவர் முந்தியவர், இது கையெழுத்துப் பிரதியில் இருக்கிறது. மற்றவர்கள் திருடினார்கள் என்பது பிடிக்கக் கயிறில்லாத அனுமானம். அதைச் சொல்லாவிட்டாலும் இப்னு சஹ்லின் பெருமை ஒரு துளியும் குறையாது. மாறாக, வேறு வேறு ஊர்களில், வேறு வேறு மொழிகளில், ஒருவரை ஒருவர் அறியாத மனிதர்கள் அதே எண்ணுக்கு வந்து சேர்ந்ததுதான் இந்த விதியின் பலம்.

விதி என்றால் என்ன என்பதை இங்கே பார்க்கலாம். அது பல அவதானங்களில் காணும் ஒழுங்கை ஒரே வசனத்தில், முடிந்தால் ஒரே சமன்பாட்டில் சொல்கிறது. என்ன நடக்கும் என்று சொல்கிறது. எவ்வளவு என்று சொல்கிறது. ஏன் என்று சொல்வதில்லை. இப்னு சஹ்லின் வரைபடத்தில் விகிதம் இருக்கிறது. ஒளி ஏன் அப்படித் திரும்ப வேண்டும் என்பதற்கு அங்கே பதில் இல்லை.

எனது ஏணி உடைந்தது இந்த இடத்தில்தான். விதி முதலில் வந்துவிட்டது. கொள்கை இன்னும் வரவே இல்லை.

* * *

இனி கொள்கை.

"ஏன்" என்ற கேள்விக்கு ஐரோப்பாவில் இரண்டு கட்சிகள் உருவாயின.

டெக்கார்ட் ஒளியை ஒரு பந்துக்கு ஒப்பிட்டார். பின்னர் நியூட்டன் 1704இல் வெளியிட்ட 'ஒப்டிக்ஸ்' நூலில் ஒளியைச் சிறு துணிக்கைகளாகக் கருதினார். தண்ணீருக்கு அருகே வரும்போது தண்ணீர் அவற்றைத் தன் பக்கம் இழுக்கிறது. அதனால் அவை திரும்புகின்றன, வேகமும் கூடுகிறது. இப்படிக் கணக்குப் போட்டால் அதே விதி வரும்.

மறுபக்கம் பெர்மா. தொழிலால் அவர் துலூஸ் நகரில் ஒரு நீதிபதி. டெக்கார்ட்டின் விளக்கத்தை அவர் ஏற்கவில்லை. ஒளி மிகக் குறைந்த நேரம் எடுக்கும் பாதையில் போகிறது, தண்ணீரில் அதன் வேகம் குறைவு என்று எடுத்துக்கொண்டு 1662இல் கணக்குப் போட்டார். டெக்கார்ட்டின் விதி பிழையாகிவிடும் என்று எதிர்பார்த்திருந்தார். வந்தது அதே விதி. ஹைகன்ஸ் 1690இல் வெளியிட்ட நூலில் ஒளியை அலை என்றார். தண்ணீரில் அலை மெதுவாகிறது, ஆகவே திரும்புகிறது. அதிலும் அதே விதி.

வகுப்பில் இதை இப்படி விளக்கினேன். ஒரு கல்யாண ஊர்வலம் கைகோர்த்து வரிசையாகச் சரிவாகக் கடற்கரை மணலுக்குள் இறங்குகிறது என்று வையுங்கள். முதலில் மணலில் கால் வைப்பவர்கள் மெதுவாவார்கள். ரோட்டில் நிற்பவர்கள் இன்னும் வேகமாக வருவார்கள். வரிசை தானாகத் திரும்பும். யாரும் யாரையும் தள்ளவில்லை. இது அலைக் கொள்கையின் விளக்கம்.

ஆக, விதி ஒன்று, கொள்கை இரண்டு. பென்சிலை எவ்வளவு நேரம் பார்த்தாலும், கோணத்தை எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் எது சரி என்று சொல்ல முடியாது. இரண்டுமே அதே கோணத்தைத்தான் தரும். ஆனால் ஓர் இடத்தில் இரண்டும் முட்டிக்கொள்கின்றன. தண்ணீருக்குள் ஒளி வேகமாகப் போகிறதா, மெதுவாகப் போகிறதா? துணிக்கைக் கட்சி வேகம் என்கிறது. அலைக் கட்சி மெதுவு என்கிறது.

நல்ல கொள்கைக்கு இதுதான் அடையாளம். தெரிந்ததை விளக்குவதோடு நிற்காமல், இன்னும் யாரும் பார்க்காத ஒன்றைப் பற்றித் துணிந்து சொல்லும். சொன்னது பிழைத்தால் மாட்டிக்கொள்ளும்.

ஒளியின் வேகத்தை ஓர் அறைக்குள் தண்ணீரில் அளக்கும் கருவி அன்று இல்லை. ஹைகன்ஸ் 1695இல் இறந்தார். நியூட்டன் 1727இல் இறந்தார். கேள்வி அப்படியே கிடந்தது. இடையில் 1800களின் தொடக்கத்தில் யங், பிரனெல் போன்றோர் அலைக்குச் சாதகமான வேறு சான்றுகளைக் கொண்டுவந்தார்கள். கடைசியில் 1850இல் பாரிஸில் லெயோன் பூக்கோ, மிக வேகமாகச் சுழலும் ஓர் ஆடியைப் பயன்படுத்தி, காற்றிலும் தண்ணீரிலும் ஒளி எடுக்கும் நேரத்தை ஒப்பிட்டார். பிஸோவும் அதே காலத்தில் அதைச் செய்தார். தண்ணீரில் ஒளி மெதுவாகத்தான் போனது.

துணிக்கைக் கொள்கை, நியூட்டன் சொன்ன வடிவில், அந்த இடத்தில் தோற்றது. பெரிய மனிதரின் பெயர் அதைக் காப்பாற்றவில்லை.

இப்போது அந்த மாணவனின் கேள்விக்கு வாருங்கள். அலைக் கொள்கை வென்றது. வென்றவுடன் விதியாகிவிட்டதா? இல்லை. கொள்கையாகவே இருந்தது. தோற்ற கொள்கையோடு சேர்ந்து விதியும் விழுந்ததா? இல்லை. விதி இருந்த இடத்திலேயே இருந்தது. ஒருவர் எஸ்.ஐ. ஆனால் நாளைக்கு இன்ஸ்பெக்டர் ஆகலாம். கொள்கைக்கு அப்படிப் பதவி உயர்வு இல்லை. கொள்கையும் விதியும் இரண்டு வெவ்வேறு தொழில்கள். மேசனும் தச்சரும் போல. வீடு கட்ட இருவரும் வேண்டும், மேசனுக்கு வயது போனால் தச்சராக மாட்டார்.

* * *

"அப்ப விதிதான் மாறாதது, அதுதான் உறுதி" என்று ஒரு பிள்ளை சொன்னாள். அதுவும் முழுக்கச் சரி இல்லை.

1669இல் டென்மார்க்கின் பர்த்தோலின் என்பவர் ஐஸ்லாந்திலிருந்து வந்த ஒரு தெளிவான பளிங்கைப் பற்றி எழுதினார். அதை எழுத்தின் மேல் வைத்தால் ஒவ்வோர் எழுத்தும் இரண்டாகத் தெரியும். உள்ளே போகும் கதிர் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று ஸ்நெல் விதிப்படி போகிறது. மற்றது அந்த விதிக்குக் கட்டுப்படவில்லை. விதிக்கும் ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லைக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று விளக்கியது யார்? ஹைகன்ஸ், தனது அலைக் கொள்கையை வைத்து. பளிங்கில் எல்லாத் திசையிலும் அலை ஒரே வேகத்தில் பரவாது என்று எடுத்துக்கொண்டு அந்த இரண்டாவது கதிருக்கும் கணக்குச் சொன்னார். விதி வாய் மூடிய இடத்தில் கொள்கை பேசியது.

கொள்கைக்கும் முடிவு வந்துவிடவில்லை. ஒளி விழும்போது சில உலோகங்களிலிருந்து இலத்திரன்கள் வெளியேறுவதை அலையால் மட்டும் விளக்க முடியவில்லை. 1905இல் ஐன்ஸ்டைன், ஒளி சக்திப் பொதிகளாகவும் நடந்துகொள்கிறது என்றார். பலர் ஏற்கவில்லை. அமெரிக்காவின் மில்லிக்கன் வருடக்கணக்காக அளந்து, ஐன்ஸ்டைனின் சமன்பாடு சரி என்று 1916இல் காட்டினார். அப்போதும் அந்தப் பொதி என்ற விளக்கத்தை அவர் நம்பவில்லை. ஐன்ஸ்டைனுக்குக் கிடைத்த 1921ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசின் வாசகத்தில், ஒளிமின் விளைவின் விதியைக் கண்டுபிடித்ததற்காக என்றுதான் இருக்கிறது. விதியை ஏற்றார்கள், கொள்கையைப் பற்றி அப்போதும் தயங்கினார்கள். இரண்டும் வெவ்வேறு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு, கிளாஸுக்குள் பென்சில் இன்னும் உடைந்தது போலத்தான் தெரிகிறது. பின் வாங்குப் பிள்ளையின் வசனம் தொலமி காலத்திலும் சரி, இன்றும் சரி.

* * *

மூன்று கிழமைக்குப் பிறகு அந்த ஏணியை மீண்டும் கரும்பலகையில் கீறினேன். "இது நான் படிப்பித்த பிழை" என்று சொல்லி, எல்லார் முன்னிலையிலும் அழித்தேன். அதற்குப் பதிலாக நான்கு கேள்விகளை எழுதினேன்.

என்ன கண்டாய்? இது அவதானம்.
கண்டதிலிருந்து காணாத எதை முடிவெடுத்தாய்? இது அனுமானம்.
எப்போதும் நடக்கும் ஒழுங்கு என்ன? இது விதி.
அது ஏன் அப்படி நடக்கிறது? இது கொள்கை.

பிறகு கண்ணாடிக் குற்றியும் குண்டூசிகளும் கொடுத்துக் கோணம் அளக்கச் சொன்னேன். 30 பாகைக்கு 19, 20, 21 என்று வந்தது. 60 பாகைக்கு 35ஐச் சுற்றி வந்தது. சைன்களை வகுத்துப் பார்த்தார்கள். எல்லா மேசையிலும் 1.5க்குக் கிட்ட. ஒரு மேசையில் எல்லா அளவும் அச்சடித்தது போல 1.50 என்று வந்தது. "தொலமி வேலை பாத்தீங்களா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள். அழித்துவிட்டு உண்மையில் வந்ததை எழுதினார்கள்.

* * *

இதை ஊர்ப் பக்கத்தில் ஏன் எழுதுகிறேன்?

ஒன்று, "அது வெறும் தியரிதானே" என்ற பேச்சு. கடையிலும் கல்யாண வீட்டிலும் கேட்கிறோம். பேச்சு வழக்கில் தியரி என்றால் ஒருவருடைய ஊகம். விஞ்ஞானத்தில் கொள்கை என்பது பல விதிகளையும் ஆயிரக்கணக்கான அவதானங்களையும் சேர்த்து விளக்கி, சோதனைக்குத் தன்னைக் கொடுத்து நின்ற ஒன்று. கிருமிகளால் நோய் வருகிறது என்பதும் ஒரு கொள்கைதான். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் "வெறும் தியரி" என்று சொல்லி யாரும் வீட்டில் இருப்பதில்லை.

இரண்டாவது நம் எல்லாருக்கும் வலித்த விஷயம். 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானியில், கொரோனாவால் இறந்தவர்களின் உடல்களைத் தகனம் செய்வது கட்டாயமாக்கப்பட்டது. அடக்கம் செய்தால் நிலத்தடி நீரில் வைரஸ் கலந்துவிடும் என்றார்கள். அடக்கமும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முன்பே சொல்லியிருந்தது. நான்கு கேள்விகளை அதன் மேல் வையுங்கள். நிலத்தடி நீரில் வைரஸைக் கண்டார்களா? காணவில்லை. அது ஓர் அனுமானம். பிடிக்கக் கயிறில்லாத அனுமானத்தை விதி போல எழுதி, சட்டமாக்கினார்கள். 2021 பெப்ரவரி 25இல்தான் அடக்கத்துக்கு அனுமதி வந்தது, ஓட்டமாவடியில் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. பாதுகாப்பான அடக்கத்தால் வைரஸ் பரவாது என்று ஆய்வு உறுதிப்படுத்தியதைச் சொல்லி அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது 2024 ஜூலையில். அதற்குள் தகனமான உடல்கள் திரும்பி வரவில்லை.

அந்த அளவுகோலை அடுத்தவருக்கு மட்டும் வைப்பது நீதியில்லை. அதே காலத்தில் நமது போன்களிலும் தடுப்பூசி பற்றி எத்தனை வொய்ஸ் கட் சுற்றியது? "இன்னார் ஊசி போட்டார், இன்னார் மௌத்தானார்." இரண்டும் அவதானமாகவே இருக்கட்டும். "ஊசியால்தான் மௌத்தானார்" என்பது அனுமானம். இடையில் உள்ள அடியை யார் சோதித்தார்? பக்கத்து வீட்டுப் பிள்ளை பிந்தி வந்தாள் என்பது அவதானம். அதற்கு மேல் நாம் சேர்க்கும் கதை எல்லாம் அனுமானம். அந்தக் கதையால் குலைந்த கல்யாணங்களை இந்த ஊரில் நீங்களும் நானும் அறிவோம்.

ஆகவே உம்மா வாப்பாமாரிடம் ஒரு சின்ன வேண்டுகோள். இன்று இரவு சாப்பாட்டு மேசையில் ஒரு கிளாஸ் தண்ணீரும் ஒரு பென்சிலும் வையுங்கள். பிள்ளையிடம் "என்ன தெரியுது?" என்று கேளுங்கள். "உடைஞ்சிருக்கு" என்று சொன்னால், வெளியே எடுத்துக் காட்டுங்கள். "உடைஞ்ச மாதிரித் தெரியுது" என்று சொல்லும் மட்டும் காத்திருங்கள். அந்த "மாதிரி"யில்தான் விஞ்ஞானம் தொடங்குகிறது.

அந்த நானாவுக்கும் செய்தி அனுப்பினேன். இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறார். "மகன், உங்களுக்கு ஒரு பாடத்தைப் பிழையாகப் படிப்பிச்சிட்டன், மன்னிச்சிக்கொள்ளுங்க" என்று எழுதினேன். பதில் வந்தது: "தெரியும் டீச்சர். முதல் வருஷத்திலேயே திருத்திட்டாங்க. ஆனா நீங்க சொல்லுவீங்க என்டு நினைக்கல்ல."

என்னிடம் அந்த ஏணியைப் படித்த மற்றப் பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால், அவர்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். உங்கள் கொப்பியில் அது இன்னும் இருந்தால் ஒரு கோடு போட்டு வெட்டிவிடுங்கள்.

பிழை இருந்தால் திருத்துங்கள். துஆவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வஸ்ஸலாம்.